கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கேள்வி: எனக்கு ஒரே மகள். பி.காம். முடித்ததும் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். மதுரையில் ஒரு நாடகப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வாரம் அந்த மாணவர்கள் ‘வள்ளி திருமணம்’ நடத்தினார்கள். இவள்தான் வள்ளி. நானும் மனைவியும் போயிருந்தோம். பாட்டு சுமார்தான், குரல் மேலே ஏறவில்லை. திண்டுக்கல்லுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், எட்டரை மணி இடைவேளையில் கிளம்பிவிட்டோம். மனைவி செய்து கொண்டுவந்த அதிரசத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறது. பெண் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இவளுக்கு இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா, அல்லது நிறுத்திவிட்டுக் கல்யாணத்தை முடித்துவிடலாமா? அடுத்த சனிக்கிழமையும் இதே நாடகம் இருக்கிறதாம்.

பதில்: ஐயா, மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு எட்டரை மணியோடு பஸ் நின்றுவிடுகிறது என்று யாரிடம் சொல்கிறீர்கள்? ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மேல் போய் நின்றாலும் பஸ் கிடைக்கிற தடம் அது. மொத்தமே 65 கிலோமீட்டர். இந்தப் பொய்யை எனக்காக எழுதினீர்களா, உங்கள் மனைவிக்காகச் சொன்னீர்களா?

நீங்கள் ஏன் எழுந்தீர்கள் என்று நான் சொல்கிறேன். இடைவேளைக்குப் பிறகு வேலன் வருவான். தினைப்புனத்தில் தனியாக நிற்கும் பெண்ணைச் சீண்டுவான், வர்ணிப்பான், கையைப் பிடிக்க வருவான். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் பார்க்க உங்களுக்கு முடியவில்லை. ஊரார் வீட்டுப் பெண் வள்ளியாக வந்தபோது, திருவிழாவில் சாயங்காலமே பாய் போட்டு இடம் பிடித்து, விடிய விடியப் பார்த்த தலைமுறைதானே நாமெல்லாம்? அந்தப் பெண்களுக்கும் அப்பன் உண்டு.

இதில் எனக்கு வந்த கோபம் வேறு. பாதி நாடகத்தைப் பார்த்துவிட்டு ‘பாட்டு சுமார்’ என்று தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவது மனப்பாடம். குரல் உள்ள எந்தப் பெண்ணும் ஒப்பேற்றிவிடலாம். வள்ளியை எடைபோடுவது வேலனோடு நடக்கும் தர்க்கத்தில். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் அங்கே வெறும் பந்தற்கால். எதிரே நிற்பவன் திடீரென்று ஒரு கேள்வியைப் போடுவான். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்த ஒரு மூச்சுக்குள் பதில் வர வேண்டும், பாட்டாகவும் வர வேண்டும். திணறினால் அடுத்த வருடம் அந்த ஊரில் பெண் வேடம் போடும் அந்த ஸ்திரீபார்ட்டுக்கு முன்பணம் கொடுக்க ஆள் இருக்காது. உங்கள் மகள் திணறினாளா, வேலன் வாயை அடைத்தாளா? உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். அவளுக்கு எதிர்காலம் உண்டா என்று என்னைக் கேட்கிறீர்கள்!

அந்தக் கதையில் வளர்த்த தகப்பன் நம்பிராஜன் வரும்போதெல்லாம் வேலன் வேங்கை மரமாகிவிடுவான், கிழவனாகிவிடுவான். மகள் பக்கத்தில் நடப்பது எதுவும் அப்பன் கண்ணில் படாது. ஆனாலும் கடைசியில் அவளைக் கைப்பிடித்துக் கொடுக்க அவன் வேண்டும். நீங்கள் அதற்கும் இல்லை.

1918-இல் மதுரையில் சுவாமிகள் சிறுவர்களை நடிக்க வைக்கும் பாலர் சபை தொடங்கியபோது, பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே.சண்முகம் ஆறு வயதுச் சிறுவன். ஸ்திரீபார்ட் நடிகரான அவருடைய தகப்பனார்தான் பிள்ளைகளை அதில் சேர்த்தார். அந்த அளவுக்கு உங்களிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். (அந்தக் கால நாடக நட்சத்திரங்களான கிட்டப்பா வேலனாகவும் கே.பி.சுந்தராம்பாள் வள்ளியாகவும் நடித்துக் கல்யாணத்தில் முடிந்த கதையை நினைத்து உடனே அலற வேண்டாம்.)

பெண்ணுக்கு வயதில் கல்யாணம் செய்து வைப்பது பெற்றவர் கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதனால்தான் சொல்கிறேன்: அந்த வரன் வீட்டாருக்கு இந்த வாரமே போன் செய்து, பெண் நாடகம் படிக்கிறாள், மேடையில் நடிக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் விலகினால் விலகட்டும். இன்றைக்கு நீங்கள் சொன்ன தமிழ் எம்.ஏ.வுக்கு நாளைக்கு மாமியார் வீட்டில் பதில் சொல்லப் போகிறவள் அவள்.

மகளையும் நான் சும்மா விடமாட்டேன். திருவிழா மாதங்களில் மேடை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வாய், வருமானத்துக்கு என்ன ஏற்பாடு என்று அவளைக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முழு நாடகத்தையும் பார்த்தவராகப் போய்க் கேளுங்கள். பாதியில் எழுந்து போனவருக்கு அவள் பதில் சொல்ல மாட்டாள், சொல்லவும் வேண்டாம்.

சனிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். வேலன் வரும்போது தலையைக் குனியாதீர்கள், மேடையிலிருந்து அவளுக்கு அது தெரியும். நாடகம் முடிந்ததும் வேஷம் கலைக்கிற அறை எங்கே என்று அந்தக் காவலாளியிடமே கேளுங்கள். அதிரசத்தை இந்த முறை நீங்களே அவள் கையில் கொடுங்கள்.