சட்டம் கேளுங்கள்: பத்தாயிரம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: என் தம்பி வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். காட்பாடியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போய்விட்டு நண்பருடன் பைக்கில் திரும்பும்போது, கே.வி.குப்பம் அருகே போலீஸார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். கருவியிலிருந்து வந்த சீட்டில் 64 என்று இருந்ததால் இருவரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய் வழக்குப் போட்டு, இரவே ஜாமீனில் விட்டார்கள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பத்தாயிரம் கட்டினால் முடிந்தது என்கிறார்கள், உண்மையா?
– வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: அவசரப்பட வேண்டாம், சகோதரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சோதனையில் தெரிந்தால், முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் சிறை இரண்டு ஆண்டு வரையும் அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும். ஊரார் பேசுவது இந்தத் தொகையை மட்டும்தான். ஒப்புக்கொண்டு கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்பே என்பதையும், அப்படித் தண்டிக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் வாகனம் ஓட்டத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று 20ஆவது பிரிவு சொல்வதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் தம்பிக்கு அது ஆறு மாத வருமானம். கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டி ஆந்திராவில் ஓட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இது மத்தியச் சட்டம்.

இக்குற்றம் ஜாமீனில் விடத்தக்கது என்பதால், அன்றிரவு விட்டது சலுகையன்று, அவருடைய உரிமை. கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், உறவினருக்குத் தகவல் தருவதும் போலீஸாரின் கடமை. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆவது பிரிவு. ஆனால் அப்படிப் பரிசோதிக்கத் தவறியதால் மட்டும் வழக்கு தானாக விழுந்துவிடாது. ஆகவே கருவிச் சீட்டில் உள்ள நேரம், கைது நேரம், மருத்துவர் பார்த்த நேரம் மூன்றையும் வழக்கறிஞர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாயில் வாடை வந்தது என்ற குறிப்பு மட்டும் 185ஆவது பிரிவுக்குப் போதாது, அளவு வேண்டும். உங்கள் தம்பி விஷயத்தில் சீட்டில் 64 மில்லிகிராம் என்ற அளவு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊத மறுத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பாரும் உண்டு. மறுத்தாலும் கைது செய்யலாம், தக்க காரணமின்றி மறுத்ததையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு.

நண்பரின் நிலை வேறு. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்று 188ஆவது பிரிவு சொன்னாலும், பின்னால் உட்கார்ந்திருந்தது மட்டுமே உடந்தை ஆகிவிடாது, தூண்டியதையோ உதவியதையோ அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அவர் ஒப்புக்கொள்ளாமல் வாதாடுவதே நல்லது.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், வாய்தா தேதிக்கு முன்பே, சீட்டின் நகலோடு வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.