நால்வரில் முதலிடம் யாருக்கு?

கேள்வி: 1980களில் தங்களுக்குள் மோதிய லெனார்ட், ஹேக்லர், ஹெர்ன்ஸ், டுரான் ஆகிய குத்துச்சண்டை வீரர்களில் யாரை முதலில் வைப்பீர்கள்?

பதில்: நேரடி மோதல்களை மட்டும் கணக்கிட்டால், மற்ற மூவரையும் வென்ற லெனார்டே முந்துகிறார், ஆனால் 1987இல் அவர் ஹேக்லரை வென்ற போட்டியில் நடுவர் மூவரில் ஒருவர் ஹேக்லருக்கே தீர்ப்பளித்தார் என்பதையும், 1989இல் ஹெர்ன்ஸ் லெனார்டை இருமுறை கீழே வீழ்த்தியும் போட்டி சமனாக அறிவிக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

என் தேர்வு டுரான். 1980 நவம்பரில் லெனார்டுடனான மறுபோட்டியைப் பாதியில் கைவிட்டதும், 1984இல் ஹெர்ன்ஸிடம் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்ததும் அவர்மீது படிந்த கறைகளே. எனினும் 1972இல் லைட்வெயிட் எனும் குறைந்த எடைப்பிரிவில் பட்டம் வென்ற இந்தப் பனாமா வீரர், எடைப்பிரிவுகளைத் தாண்டித் தம்மினும் பெரியவர்களோடு மோதி, ஹெர்ன்ஸையே நாக்அவுட் செய்திருந்த பார்க்லியிடமிருந்து 1989இல், தம் 37ஆம் வயதில், அதைவிடக் கனமான மிடில்வெயிட் பிரிவின் பட்டத்தைக் கைப்பற்றினார்.