சோடா ஆப்பியும் குளோரோக்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. குளோரின் ஆலையில், உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் செல் அறையில் வேலை பார்த்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சோப்பு காய்ச்ச வாங்கும் சோடா ஆப்பியை, அதாவது காஸ்டிக் சோடாவை, எதிலிருந்து எடுக்கிறார்கள்?

சாதாரண உப்பிலிருந்துதான். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின் வரும். மறுமுனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் வரும். 1 டன் குளோரினுக்கு ஏறக்குறைய 1.1 டன் சோடா கூடவே பிறந்துவிடும், வேண்டாம் என்றாலும். அதனால் சோடா விற்கிறவர் குளோரினுக்கும் ஆள் பிடித்தாக வேண்டும். பிவிசி குழாய்க்கு நிறையப் போகிறது. பவுடர் போடாத ரப்பர் கையுறையின் பிசுபிசுப்பை எடுப்பதும் குளோரின்தான். நம் மங்கில் (ரப்பர் மரத்தில் கட்டும் கிண்ணத்தில்) வடிந்த ரப்பர் பால் அங்கே போய் அதைச் சந்திக்கிறது.

அந்தச் சோடாவில் பாதரசம் இருக்கும் என்கிறார்களே?

பழைய முறையில் இருந்தது. குளோரினும் சோடாவும் தொட்டியிலேயே கலந்துவிட்டால் கிடைப்பது துணி வெளுக்கும் குளோரோக்ஸ் தண்ணீர். ஆகவே இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். ஆலைகளின் வரலாறே அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான். 1890களில் வந்த முறையில் தொட்டியின் அடியில் பாதரசம் ஓடும். அது சோடியத்தை இழுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் விடும். சோடா சுத்தமாக வரும். ஆனால் பாதரசம் காற்றிலும் கழிவுநீரிலும் கசிந்துகொண்டே இருக்கும். இன்னொரு முறையில் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு. அதில் வரும் சோடாவில் உப்பு தங்கும், தடுப்பின் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

1970களில் ஜப்பானியர் ஆலை அளவில் கொண்டுவந்த மெம்பிரேன் என்ற மெல்லிய தடுப்புத் தாள், சோடியத்தை விட்டுக் குளோரைடைத் தடுக்கிறது. ஜப்பானின் மினமாதா ஊரில் மக்களை முடக்கிய பாதரசம் வேறு வகை ஆலையிலிருந்து வந்தது. ஆனாலும் அந்த அதிர்ச்சிதான் ஜப்பானை இந்தப் பக்கம் தள்ளியது. அந்த ஊரின் பேரிலான உலக ஒப்பந்தம், பாதரசத் தொட்டிகளை மூட 2025ஐக் கெடுவாக வைத்தது.

அப்படியானால் மெம்பிரேன் ஆலை சுத்தமானதா?

முழுக்க இல்லை. 1 டன் குளோரினுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். புகைபோக்கியைக் காணோமே என்று நாங்கள் பெருமையடித்ததுண்டு. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும். புகை எங்கள் ஆலையில் இல்லாமல், நிலக்கரி மின் நிலையம் இருக்கும் மஞ்சோங் பக்கம் போகிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இனி சண்டை போட வேண்டியது மின்சாரத்துக்காகத்தான்.

2019இல் ஜொகூர் பாசிர் கூடாங்கில் நச்சு வாயுவால் பள்ளிகளை மூடியது குளோரினாலா?

இல்லை. சுங்கை கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டிய ரசாயனக் கழிவு.

பழைய எண்ணெயில் சோப்பு செய்தேன். சட்டி நுரைத்துக் கறுத்துப்போனது. ஏன்?

அலுமினியச் சட்டி போலிருக்கிறது, அக்கா. சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் ஆபத்து. எவர்சில்வர் எடுங்கள். 1 கிலோ செம்பனை எண்ணெய்க்கு 135 கிராம் சோடா போதும். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். இன்னொன்று: ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டில் மிச்சம் இருந்தால், குளோரோக்ஸ் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் சிந்திக் கலந்தால் குளோரின் வாயு குளியலறைக்குள்ளேயே கிளம்பிவிடும்.