இன்ஜின் மாத்தினதுல இருந்து கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுதா?

கேள்வி: 2009 மாடல் ஆட்டோமேட்டிக் கார். இன்ஜின் சீஸ் ஆகி, புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல ஒண்ணு வாங்கி மாட்டினோம். இப்ப டி-ல போட்டா சோம்பலா கிளம்புது, கியரே மாறல. கியர்பாக்ஸும் போச்சு, 70 ஆயிரம் ஆகும்ங்கறார் மெக்கானிக். மாத்தலாமா?

பதில்: இப்ப மாத்தாதீங்க. அதுவரைக்கும் நல்லா ஓடின கியர்பாக்ஸ் இன்ஜின் இறக்கி ஏத்தின அன்னிக்கே படுத்துச்சுன்னா, கை வச்ச இடத்தைத்தான் முதல்ல பாக்கணும். ஒரே கியர்ல நிக்கறது பல நேரம் லிம்ப் மோட், அதாவது சென்சார் சிக்னல் வரலன்னா கம்ப்யூட்டர் மேல் கியர் ஒண்ணுல, பெரும்பாலும் மூணாவதுல பூட்டிடும், அதான் கிளம்பறப்ப இழுக்க மாட்டேங்குது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல வர்ற எர்த் வயர் இருக்கா, இல்ல மாட்டவே மறந்துட்டாங்களா? கியர்பாக்ஸ் சாக்கெட் எல்லாம் க்ளிக்னு உக்காந்திருக்கா? அப்புறம் ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கற கோளாறு கோடைப் பாருங்க. பி0700 வந்துச்சு, கியர்பாக்ஸ் காலின்னா நம்பாதீங்க, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல வேற கோடு இருக்கு, அதைப் பாருன்னுதான் அதுக்கு அர்த்தம். அங்க பி0715, பி0720 இருந்தா ஸ்பீடு சென்சார், இல்ல அதோட வயர். வாங்கின இன்ஜின் மேனுவல் வண்டியோடதான்னும் கேளுங்க, அதோட ஈசியுவையும், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரையும், சேர்த்து மாட்டியிருந்தா கியர்பாக்ஸோட அது பேசவே பேசாது.

கேள்வி: இன்ஜின் மாத்தி ஸ்டார்ட் பண்ணதும் கரகரன்னு சத்தம், டி, ஆர் எதுலயும் வண்டி நகரல. "உங்க கியர்பாக்ஸ் முன்னாடியே வீக்"ங்கறாங்க.

பதில்: இந்த டயலாக்கைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இன்ஜின் சுத்தறதை கியர்பாக்ஸுக்குக் கடத்தற டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸோட ஆயில் பம்ப்புக்குள்ள முழுசா உக்காரணும், உக்காந்தா பெல் ஹவுசிங், அதாவது கியர்பாக்ஸோட முன்பக்கக் கூடு, கையாலயே இன்ஜினோட ஒட்டிக்கும், உக்காராம போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்தா பம்ப் உடையும். இன்ஜினோட சேர்த்ததும் கன்வெர்ட்டரைக் கையால சுத்திப் பாக்கறது ஒரு நிமிஷ வேலை, அதைச் செய்யாம கஸ்டமர் தலையில கட்டறாங்க. 'டெஸ்டட்'னு ஸ்டிக்கர் ஒட்டி எனக்கும் ஒரு கியர்பாக்ஸ் வித்தாங்க, ட்ரெயின் போல்ட்டைக் கழட்டினா டிக்காஷன் மாதிரி கருப்பா கருகின வாடையோட ஆயில் ஊத்துச்சு, கேட்டா "அது அப்படித்தான் சார் இருக்கும்"னான். நீங்க விடாதீங்க. உங்க கண் முன்னாடி இறக்கச் சொல்லுங்க, உடைஞ்ச பம்ப்பை போட்டோ எடுங்க, புகாரை எழுத்துல குடுங்க. மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள்ள போகணும், நீங்க குடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டலன்னா ஃபீஸ் கிடையாது.

கேள்வி: ஜிஎஸ்டி மிச்சம்னு பில் வாங்கல. 6 மாச வாரண்டின்னு வாயால சொன்னார்.

பதில்: அப்ப வாயாலயே வாங்கிக்கோங்க.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு, கயிறு கட்டி 40 கிலோமீட்டர் இழுத்துட்டு வந்தோம். ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: ஆகாம? இன்ஜின் ஓடலன்னா பம்ப் சுத்தாது, பம்ப் சுத்தலன்னா உள்ள ஆயில் போகாது, சக்கரம் மட்டும் சுத்திட்டே வந்தா காய்ஞ்சு தேயும். வண்டியோட குடுத்த புக்லயே போட்டிருக்கும், யாரு பிரிச்சுப் பாக்கறீங்க. அடுத்த தடவை வண்டியைத் தூக்கி வச்சு கொண்டு வர்ற லாரியைக் கூப்பிடுங்க.

கேள்வி: புது இன்ஜின் நம்பரை ஆர்சியில ஏத்தல. அப்படியே வித்துடலாமா?

பதில்: கூடாது. இன்ஜின் வாங்கின பில்லோட ஆர்டிஓ போய் ஏத்துங்க, இன்சூரன்ஸ்லயும் சொல்லுங்க. இல்லன்னா உங்ககிட்ட வாங்கினவர் எனக்கு லெட்டர் போடுவார், நான் அவர் பக்கம்தான் பேசுவேன்.