இன்சூரன்ஸ் இருக்கிறதே, நான் எதற்குக் கோர்ட்டுக்கு?

கேள்வி: அழகியமண்டபம் ஜங்ஷனில் என் காரும் ஒரு பைக்கும் மோதின. ஓட்டியது என் மச்சினன். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. 14 லட்சம் கேட்டு, என்னை முதல் எதிர்மனுதாரராகவும் இன்சூரன்ஸ் கம்பெனியை இரண்டாவதாகவும் சேர்த்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ போக வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில். சரியா?
- வாசகர், தக்கலை

பதில்: போங்கள். முதல் வாய்தாவுக்கே போங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டும். வீட்டில் சொல்வது அந்த மட்டுக்குச் சரி. ஆனால் கம்பெனியின் வக்கீல் உங்களுக்காக வருகிறவர் இல்லை. 'ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, உரிமையாளர் பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார்' என்று அவர் எழுதிக்கொடுக்கலாம். அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் என்ன செய்வார்கள் தெரியுமா? லைசென்ஸைக் காட்டச் சொல்லி உங்களுக்கே ஒரு நோட்டீஸ் அனுப்புவார்கள். அதற்கும் நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்த மௌனமே அவர்களுக்குச் சாட்சி. 'கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று தீர்ப்பு வரும்.

மேல்புறம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரி என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்த கவர்களைப் பிரிக்காமல் டிவி மேல் அடுக்கியிருந்தார். அவர் வராததால் ஒருதலையாக (எக்ஸ்பார்ட்டி) தீர்ப்பாகி, அவருடைய விளையை, அதாவது தோட்டத்தை, ஜப்தி செய்ய மனு போட்டிருந்தார்கள். டிரைவரின் லைசென்ஸ் நகலோ, காலாவதி ஆகாமல், காரின் டாஷ்போர்டிலேயே கிடந்தது! அந்த ஒரு தாளுக்காகத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மறுபடி ஏறி இறங்கினோம்.

ஆகவே ஆர்.சி., பாலிசி, மச்சினனின் லைசென்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுங்கள். நோட்டீஸ் வந்ததைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஏஜெண்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. எதிருரையில், அதாவது கோர்ட்டுக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கும் பதிலில், விபத்து நடந்த விதத்தை எழுத வேண்டும். பைக் எந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது, அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையெல்லாம் போலீஸ் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். பைக்கில் வந்தவர் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்குக்கு இழப்பீடு குறையும்.

இன்னொன்று, இதில்தான் நம்மூர்க்காரர்கள் அதிகம் விழுகிறார்கள். மச்சினன் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனியாக கேஸ் நடக்கும். "ஃபைனைக் கட்டிவிட்டு வா, தொல்லை விட்டது" என்று யாராவது சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அந்த ஃபைனைத்தான் எதிர்த்தரப்பு இந்த வழக்கில் எடுத்துப் போடும். வக்கீலைக் கேட்காமல் அவரைக் கட்ட விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அடிபட்டவர் தரப்பினர் கையில் ஏதாவது பணம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.