நரகம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது?

வணக்கம் ஐயா,

திருமணத்துக்குப் பிறகு கிறிஸ்தவத்துக்கு வந்தவள் நான். மனம் ஒப்பித்தான் வந்தேன். அப்பா கடைசிவரை வரவில்லை. கடவுள் பேச்சை எடுத்தாலே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். போன வருடம் இறந்துவிட்டார். ஜெபக்கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரர், “இரட்சிக்கப்படாமலே போய்விட்டாரே” என்று எனக்காக அழுதார். அன்றிலிருந்து எனக்குப் பாட்டு வரவில்லை. அப்பா எரிந்துகொண்டிருக்க நான் எப்படித் துதிப்பது? இதில் வேறு கருத்தே கிடையாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் விசுவாசி அல்ல. பைபிளை விடாமல் படிப்பவன், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேறு கருத்து உண்டு, அதுவும் பழையது. எல்லாம் கடைசியில் கடவுளிடமே திரும்பும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதினார். அவர் பெயரோடு சேர்ந்த கருத்துகள் பிறகு கண்டனத்துக்கு ஆளாயின. ஏறத்தாழ அதையே சொன்ன ஆயர், நிசாவின் கிரகோரியோ இன்றும் புனிதர்! எதிர்ப்பக்கம், மேற்கத்திய திருச்சபையின் பெரிய ஆசானான அகஸ்டின். மத்தேயு 25:46இல் ‘நித்திய ஆக்கினை’, ‘நித்திய ஜீவன்’ என்று ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. ஆக்கினைக்கு முடிவு உண்டென்றால் ஜீவனுக்கும் உண்டா என்று கேட்டார். லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. இன்னொரு தரப்பு, தண்டனை என்பது ஓயாத வேதனை அல்ல, இல்லாமல் போவது என்கிறது. ‘ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர்’ என்ற வசனத்தின் ‘அழிக்க’ அவர்களுக்குப் பிடிமானம். சுவிசேஷகச் சபைகள் பெரிதும் மதித்த ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் 1988இல் தயங்கித் தயங்கி இந்தப் பக்கம் சாய்ந்தார்.

கத்தோலிக்கர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் இன்னும் ஒரு படி போனது. தம் குற்றமில்லாமல் கடவுளை வெளிப்படையாக அறியாமலிருந்து, நேர்மையாக வாழ முயல்பவர்களுக்கும் மீட்புக்கான உதவி மறுக்கப்படுவதில்லை என்றது. உங்கள் அப்பா காதில் விழுந்தும் சிரித்தவர் ஆயிற்றே, ‘குற்றமில்லாமல்’ என்பதில் அடங்குவாரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்கிறவர்களுக்கும் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம் பைபிளில் ‘நரகம்’ என்று படிக்கிற பல இடங்களில் மூலச்சொல் கெஹென்னா. எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் என்று எரேமியா தீர்க்கதரிசி பழித்த இடம். (நம் மொழியின் பழைய நரகம் பெரும்பாலும் வினை தீர்ந்ததும் வெளியே வந்துவிடுகிற இடம். பைபிளில் அந்தச் சொல் வேறு பாரம் சுமக்கிறது.) புதிய ஏற்பாட்டில் கெஹென்னா 12 முறை வருகிறது. ஒன்று யாக்கோபு நிருபத்தில், மீதி 11ம் இயேசு சொன்னவை. பவுல் ஒருமுறைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை. சரி, இயேசு யாரைப் பார்த்துச் சொன்னார்? தம் சீஷர்களையும், அன்றைய யூத மதப் பெரியவர்களான வேதபாரகர், பரிசேயரையும் பார்த்து. சகோதரனை மூடன் என்கிறவனுக்கு, இடறப்பண்ணும் கண்ணைப் பிடுங்கிப் போடாதவனுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கான எச்சரிக்கை அது. வெளியே இருக்கும் அன்னியரைப் பார்த்து ஒன்றுகூட இல்லை. அந்த மத்தேயு 25இலும் கேட்கப்படும் கேள்வி பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்பதுதான்.

இதை வைத்து அப்பா பரலோகத்தில் இருக்கிறார் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். தேவனை அறியாதவர்களுக்கு ‘நித்திய அழிவு’ என்று 2 தெசலோனிக்கேயர் சொல்கிறது, விசுவாசியாதவன் ஏற்கெனவே தீர்ப்புக்கு உட்பட்டாயிற்று என்று யோவான் 3:18 சொல்கிறது. அவற்றை மறைக்க முடியாது. ஆனால் பெயர் சொல்லி ஒருவரை அங்கே அனுப்பும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. “இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேரோ?” என்று ஒருவன் கேட்டபோது, இடுக்கமான வாசல் வழியாக நீங்கள் நுழையப் பாருங்கள் என்றார் இயேசு. எண்ணிக்கை சொல்லவில்லை. அந்தச் சகோதரர் அழுதது உங்கள்மேல் உள்ள அன்பினால் என்றே நினைக்கிறேன். கண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்புறம் பாட்டு. ரோமர் 9ஐ எடுத்துப் பாருங்கள். விசுவாசியாத தன் இனத்தாருக்காகப் பவுல் இடைவிடாமல் மனம் நொந்து, அவர்களுக்குப் பதிலாக நானே சபிக்கப்பட்டாலும் சரி என்கிறார். அங்கே ஒரு வரி ஸ்தோத்திரம் (9:5) வந்தாலும் அந்தத் துக்கம் அதோடு தீரவில்லை. எல்லார்மேலும் இரக்கமாயிருக்கவே தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்று 11ஆம் அதிகாரத்தின் கடைசியில் எழுதிய பிறகுதான் அவர் வாயில் துதி பொங்கி வருகிறது. அதற்கு அவருக்கு மூன்று அதிகாரம் ஆயிற்று. உங்களுக்கு எவ்வளவு நாள் ஆனால் என்ன?