போல்டர் நகர மண்டபம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் பகுதியில், பெர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது போல்டர் என்ற சிற்றூர். அதன் பர்ட் தெருவில் 1908-இல் எழுந்த நகர மண்டபம் இன்று மாநில மரபுச் சின்னப் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போல்டர் மண்டபம் வேறு, பக்கத்து ஊரான கல்கூர்லியின் மண்டபம் வேறு. தயவுசெய்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெர்த் வாசகர்: ஐயா, கல்கூர்லியும் போல்டரும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய நகர மண்டபங்கள் எதற்கு?

இந்த மண்டபத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. 1893 ஜூன் மாதம் பேடி ஹன்னனும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் தங்கம் கண்ட இடத்தில் கல்கூர்லி முளைத்தது. அதற்குத் தெற்கே, பிற்பாடு 'தங்க மைல்' என்று பெயர் பெற்ற பாறைப் பரப்பில் பெரிய சுரங்கங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று கிரேட் போல்டர். சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளி வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு தேடினான். அப்படி உருவானதுதான் போல்டர். வணிகமும் வங்கிகளும் கல்கூர்லியில் இருந்தன, உழைப்பாளிகளின் குடியிருப்பு போல்டரில் இருந்தது. 1897-இல் போல்டர் தனி நகராட்சி ஆயிற்று. தனி நகராட்சி என்றால் தனி மன்றம், தனி வரி, தனி மானம். பக்கத்து ஊரில் மண்டபம் எழும்போது இவர்கள் கைகட்டிக்கொண்டு இருப்பார்களா?

ஆனால் போட்டி மட்டுமே காரணம் என்று முடித்துவிடக் கூடாது. ஆண்டைக் கவனியுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க உற்பத்தி அக்காலத்து உச்சத்தைத் தொட்டது 1903-இல். அந்த ஓராண்டில் 20 லட்சம் அவுன்ஸுக்கு மேல் எடுத்தார்கள். மண்டபம் வந்ததோ 1908-இல், உற்பத்தி இறங்குமுகமாக இருந்தபோது. கையில் பணம் புரண்ட மயக்கத்தில் கட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தங்கம் தீர்ந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது தங்கவயல்களின் வழக்கம். அந்தப் பகுதியில் அப்படிக் காலியான ஊர்கள் ஏராளம். போல்டரிலும் தொடக்கத்தில் சாக்குத் துணியும் தகரமும்தான் வீடு. உப்பு நிலத்தடி நீரைக் காய்ச்சி வடித்து, காசு கொடுத்துக் குடித்த காலம் அது. 1903 ஜனவரியில் பெர்த் அருகே உள்ள மண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாக நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது. அந்தத் திட்டத்தை வகுத்த பொறியாளர் சி. ஒய். ஓகானர் தண்ணீர் வருவதைப் பார்க்கவில்லை. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் வசைபாட, 1902 மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டார். தண்ணீர் வந்த பிறகுதான் மரம் வைத்தார்கள், தோட்டம் போட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி நிலைத்துக் குடியிருக்கத் தொடங்கினார்கள். "நாங்கள் இங்கேயேதான் இருக்கப் போகிறோம்" என்று அந்த மக்கள் செங்கல்லில் எழுதிய வாக்குறுதியாகவே இந்த மண்டபத்தை நான் பார்க்கிறேன்.

சிட்னி வாசகி: மண்டபத்தின் முன்னால் பேடி ஹன்னன் தண்ணீர்ப் பையோடு உட்கார்ந்திருக்கும் சிலையை யார் செய்தது?

அது கல்கூர்லி மண்டபம் அம்மா, ஹன்னன் தெருவில் இருப்பது. 1929-இல் வைத்த சிலை. மூலச் சிலையைப் பாதுகாப்புக்காக உள்ளே கொண்டுபோய்விட்டு, வெளியே வெண்கலப் பிரதியை வைத்திருக்கிறார்கள். போல்டர் மண்டபத்தின் பெருமை வேறு. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: போல்டர் மண்டபத்தில் ஓர் ஓவியத் திரை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் என்ன விசேஷம்?

அந்தத் திரைக்காகவே 600 கிலோமீட்டர் போகலாம்.

ஃபில் கோச்சர் என்பவர் வரைந்தது. 1851-இல் லண்டனில் பிறந்தவர். நியூயார்க்கின் வாலக்ஸ் நாடக அரங்கில் காட்சித் திரை ஓவியராகப் பெயர் வாங்கி, 1890-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். மெல்பர்ன், சிட்னி மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவர், பின்னாளில் பெர்த்தில் குடியேறினார். அப்படித்தான் உலகத்தரமான ஒரு மேடை ஓவியரின் கை போல்டர் என்ற சுரங்க ஊருக்குக் கிடைத்தது. 1908-இல் அவர் வரைந்த முன்திரையில் நேப்பிள்ஸ் விரிகுடா தெரிகிறது. அதைச் சுற்றிச் சட்டமிட்டாற்போல மடிப்பு மடிப்பாகத் துணி தொங்குகிறது. அந்தத் துணியும் ஓவியம்தான். பட்டுத் துணியை வண்ணத்தில் காட்டுவதில் கோச்சர் தனிப்புகழ் பெற்றவர். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் மடிப்புக்குள் நிழல் விழுந்து, மேட்டில் வெளிச்சம் பட்டு, கை வைத்தால் வழுக்கும் போலிருக்கும். கிட்டே போனால் அகலத் தூரிகையின் இழுப்புகளும் திட்டுகளும்தான் இருக்கும். நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்காக வரைவது மேடை ஓவியரின் தொழில். அருகில் அழகாகத் தெரியும்படி வரைந்தால் தூரத்தில் வெளுத்துப்போகும்.

உலகெங்கும் இத்தகைய திரைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சினிமா வந்ததும் கிழித்து எறிந்தார்கள், மேலேயே வேறு படம் வரைந்தார்கள். கோச்சர் வரைந்த மேடைத் திரைகளில் எஞ்சியிருப்பவை மிகச் சில. போல்டர் திரை பல காலம் மறந்துகிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, தான் பிறந்த மேடையிலேயே இன்றும் தொங்குகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, திரையை எல்லா நாளும் இறக்கி வைத்திருக்க மாட்டார்கள். எந்த நாளில் பார்க்கலாம் என்று கல்கூர்லி-போல்டர் மாநகராட்சியிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு, ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், தொடாதீர்கள். அக்காலத்து மேடைத் திரைகளுக்குப் பொதுவாகப் பசைநீரில் குழைத்த வண்ணப்பொடியைத்தான் பூசுவார்கள். ஈரக்கை பட்டால் வண்ணம் கையோடு வரும்.

மதுரை வாசகர்: நம் நாடகக் கம்பெனிகளிலும் இப்படித் திரைகள் இருந்தனவே?

இருந்தன. அரண்மனை, காடு, தெரு, தர்பார் என்று வரைந்த படுதாக்கள் பார்சி நாடகக் குழுக்கள் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்தவை. கண்ணை ஏமாற்றும் நுட்பம் இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழைய படுதா ஏதாவது மடித்துக் கிடந்தால், மடிப்பைப் பிரித்து ஓர் உருளையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். மடித்த கோட்டில்தான் முதலில் வண்ணம் உதிரும்.

மெல்பர்ன் வாசகர்: அங்கே இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களைக் கௌரவிக்கத்தான் நேப்பிள்ஸை வரைந்தார்கள் என்று படித்தேன்.

இந்தக் கதை வேண்டாம். அக்கால மேடைத் திரைகளில் இத்தாலியக் காட்சி என்பது சம்பிரதாயம். வெனிஸ் கால்வாய், நேப்பிள்ஸ் விரிகுடா, இடிந்த ரோமானியத் தூண்கள் ஆகியவற்றை, இத்தாலியர் ஒருவர்கூட இல்லாத ஊர்களிலும் வரைந்தார்கள். கோச்சர் தொழில்முறை ஓவியர், கைவந்த காட்சியை வரைந்தார்.

அதே வாசகர்: சம்பிரதாயம் என்றே இருக்கட்டும். ஊர் மன்றம் அதை ஏற்றுக்கொண்டதில் நட்பு இருந்திருக்கலாம் அல்லவா?

அந்த ஊரின் மனநிலையைப் பாருங்கள். இத்தாலியர் வந்து கூலியைக் குறைக்கிறார்கள், ஆங்கிலம் தெரியாதவர்களால் சுரங்கத்தில் ஆபத்து என்ற கூச்சல் அப்போதே பலமாக இருந்தது. 1904-இல் பிரிட்டிஷார் அல்லாத தொழிலாளர் வருகையை ஆராய அரச ஆணையமே வைத்தார்கள். இத்தாலியரில் பலர் சுரங்கங்களுக்கு விறகும் மரமும் வெட்டித் தரப் புதர்க்காட்டில்தான் பாடுபட்டார்கள். அவர்களைக் கௌரவிக்கும் எண்ணம் அந்தக் காற்றில் இல்லை.

அடிலெய்டு வாசகி: என் பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி அந்தத் திரையைத் தம் மக்களின் சின்னம் என்கிறார். அந்தப் பெருமையை ஏன் கெடுக்க வேண்டும்?

பாட்டியின் பெருமையை நான் கெடுக்கவில்லை அம்மா. இன்று அந்தத் திரையைத் தம்முடையதாக நினைக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. 1908-இல் நடக்காததை நடந்ததாக எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். காரணம் இருக்கிறது.

1934 ஜனவரி இறுதியில் கல்கூர்லியில் மதுக்கடை ஒன்றில் நடந்த கைகலப்பில் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவரோடு மோதியவர் அந்தக் கடையின் இத்தாலிய ஊழியர். 29-ஆம் தேதி இரவு ஒரு பெரும் கும்பல் இத்தாலியர், யூகோஸ்லாவியர், கிரேக்கர் நடத்திய விடுதிகளையும் கடைகளையும் சூறையாடித் தீ வைத்தது. மறுநாள் கும்பல் போல்டருக்கு வந்தது. டிங்பாட் ஃப்ளாட் என்ற குடியிருப்பில் தென் ஐரோப்பியத் தொழிலாளர்களின் சிறு வீடுகளைக் கொளுத்தினார்கள். இருவர் உயிரிழந்தனர். குடும்பங்கள் உடுத்திய துணியோடு புதருக்குள் ஓடி ஒளிந்தன. அப்போது நேப்பிள்ஸ் காட்சி இந்த மண்டபத்துக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தாலியின் கடலை ரசித்த ஊர் இத்தாலியக் குடும்பங்களை விரட்டியது. திரையை நட்பின் சின்னமாக்கினால் இந்த வரலாறு அதன் பின்னால் மறைந்துவிடும். வீடு எரிந்தவர்களுக்கு அது நியாயம் அல்ல.

மெல்பர்ன் வாசகர் மீண்டும்: ஓவியம் பற்றிய இடத்தில் கலவரத்தை இழுப்பது பொருத்தமா?

பொருத்தம்தான். நகர மண்டபம் ஊரின் வீடு. அந்த வீட்டில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதும் அதன் வரலாறு. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவை வாசகர்: ஹன்னன் சிலை போல்டர் மண்டபத்துக்கு எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை. கல்கூர்லி.

சென்னை, கட்டடக்கலை மாணவர்: மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்கிறார்களே?

தவறு தம்பி. மேற்கு ஆஸ்திரேலியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2018-ஆம் ஆண்டின் மரபுச் சட்டம். அதற்கு முன்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. மாநிலப் பதிவேட்டில் உள்ள கட்டடத்தில் மாற்றம் செய்யும் திட்டத்தை மரபு மன்றத்தின் ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். கட்டடத்தின் சிறப்புக்குக் கேடு வருமா என்று அவர்கள் பார்ப்பார்கள். பராமரிப்புக்குத் தடை இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், புதிய மின்கம்பி, தீயணைப்பு வசதி எல்லாம் முறையாகச் செய்யலாம். தேசிய அறக்கட்டளையின் பட்டியல் வேறு, அதற்குச் சட்ட வலு கிடையாது. பட்டியலில் சேர்த்தால் கட்டடம் பிழைத்துவிடும் என்பதும் தவறு. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்பவர்களும் மண்டபத்தைப் பயன்படுத்துபவர்களும் இருந்தால்தான் பிழைக்கும்.

அதே மாணவர்: 2010 நிலநடுக்கத்தில் என்ன ஆயிற்று?

ஏப்ரல் 20 காலை, 5.0 அளவு. பர்ட் தெருவின் பழைய கட்டடங்கள் பலமாக அடிவாங்கின, தெருவையே மூட வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்குள் இரும்புக் கம்பி கிடையாது. கூரைக்கு மேலே தெருவைப் பார்த்து எழுப்பிய அலங்காரக் கைப்பிடிச் சுவர்தான் முதலில் சாயும், அதுவும் நடைபாதைப் பக்கம். நீங்கள் எந்த ஊரில் பழைய கட்டடத்தை ஆய்வு செய்தாலும், முகப்பின் அழகைப் படம் எடுப்பதற்கு முன் அந்தச் சுவர் பின்னால் கூரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பு வாசகர்: தங்கம் இப்போது என்ன விலை போகும்?

நகைக்கடையில் கேளுங்கள்.

பெர்த் வாசகி: மண்டபத்தில் திருமண வரவேற்பு நடத்தலாமா?

1989-இல் இரண்டு ஊர் மன்றங்களும் ஒன்றாகி கல்கூர்லி-போல்டர் மாநகராட்சி ஆயின. முன்பதிவு பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். போனில் பேசும்போது "போல்டர் மண்டபம்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பிரிஸ்பேன் வாசகர்: திறப்பு விழாக் காலச் செய்திகளை எங்கே படிக்கலாம்?

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் 'கல்கூர்லி மைனர்' நாளிதழின் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1908-இல் தேடுங்கள். திறப்பு விழாவோடு நிறுத்திவிடாமல் கச்சேரி, நடன விழா விளம்பரங்களையும் பாருங்கள். போல்டரில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர் எய்லீன் ஜாய்ஸ் எப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தார் என்பது அந்த விளம்பரங்களில் தெரியும்.

திருச்சி வாசகர்: திரையை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் பத்திரமாக இருக்குமே?

பத்திரமாக இருக்கும், ஆனால் பாதி உயிர் போய்விடும். அந்த மேடையின் அகலத்துக்கும் அந்த இருக்கைகளின் தூரத்துக்கும் கணக்குப் போட்டு வரைந்தது அது. வேறு சுவரில் மாட்டினால் வெறும் பெரிய படம். ஏற்றி இறக்கும் தடவைகளைக் குறைத்து, வெளிச்சத்தையும் தூசியையும் கட்டுப்படுத்தி, அங்கேயே வைத்திருப்பதுதான் சரி என்பது என் முடிவான கருத்து.

ஈரோடு வாசகர்: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எதை முதலில் பார்க்கலாம்?

பெர்த்திலிருந்து ப்ராஸ்பெக்டர் ரயிலில் ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும், ஆகவே முந்தின நாளே போய்த் தங்குங்கள். காலையில் போல்டர், திரை இறக்கியிருக்கும் நாளாகப் பார்த்து. பின்வரிசையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மேடை அருகே செல்லுங்கள். மாலையில் கல்கூர்லிக்குப் போய், இத்தனை பேர் கேட்ட அந்த ஹன்னன் சிலையையும் பார்த்துவிடுங்கள்.